பேரல் தேய்மானமும் தோட்டாக் கணக்கும்: ரேஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து எங்கள் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி மைதானத்துக்கு, சுடப் பழக வரும் பிள்ளைகளும், அவர்களை பைக்கில் கூட்டிவரும் அப்பாக்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் துப்பாக்கி செய்கிறவன் இல்லை. கிளப் ரைபிள்களைத் துடைத்து, எண்ணி, பூட்டி வைப்பவன். அதனால் இங்கே பேசுவது பெரும்பாலும் 50 மீட்டரில் சுடும் .22 ரைபிளை (துளை 0.22 அங்குலம்) பற்றித்தான். மற்றவை போகிற போக்கில் வரும்.

மாஸ்டர், ஒரு பேரல் எத்தனை தோட்டா தாங்கும்?

பேரல் என்றால் குண்டு ஓடும் குழாய். அது எந்த ரைபிளுடையது என்று சொல்லுங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் என்றால் கணக்கே வேண்டாம். ஈயப் பெல்லட், காற்றழுத்தம், நெருப்பே கிடையாது. பேரல் கெடும் முன்னே வாஷரும் சீலும்தான் போகும். காற்று அடைக்கும் சிலிண்டருக்குத்தான் ஆயுள் உண்டு. தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டு என்று தேதி அடித்தே கொடுக்கிறார்கள். அந்தத் தேதியைப் பாருங்கள்.

.22 என்றால், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 50,000 தோட்டா தாண்டியும் நன்றாகச் சுடும் பேரல்கள் உண்டு. .308 மாதிரி பெரிய ரைபிளில், போட்டிக்குத் தேவையான துல்லியம் 5,000 தோட்டாவை ஒட்டிக் குறையத் தொடங்கும். அதைவிட வேகமாகக் குண்டை விரட்டும் 6 மில்லிமீட்டர், 6.5 மில்லிமீட்டர் வகைகளில் சில 2,000 தோட்டாவிலேயே களைத்துவிடும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? .22 தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு சிட்டிகைப் பொடி. .308 தோட்டாவில் மூன்று கிராம் அளவுக்கு இருக்கும். அழுத்தமும் அதிகம். .22க்கு உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, .308க்கு 62,000. துளையோ அகலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே மாதிரி சந்து வழியாக முப்பது மடங்கு தீ போனால் சந்தின் வாசல் என்ன ஆகும்?

இன்னொரு கணக்கையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன். குண்டு பேரலுக்குள் இருக்கும் நேரம் சுமார் மூன்று மில்லி விநாடி. 10,000 தோட்டா சுட்ட பேரல் மொத்தமாக வேலை செய்தது அரை நிமிடம். 50,000 சுட்டுக் கழித்துப் போடும் பேரலுக்கு மொத்த ஆயுளே இரண்டரை நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அது நம் கையிலும் பெட்டியிலும் சும்மா இருக்கிறது. கெடுவது பெரும்பாலும் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான்.

ஈயம் மென்மையானது, இரும்பு கெட்டி. அப்புறம் எப்படித் தேய்கிறது?

நல்ல கேள்வி. ஈயம் தேய்ப்பதில்லை. தோட்டா உட்காரும் சேம்பர் முடிந்து, குண்டைச் சுழற்றும் திருகுமரை பேரலுக்குள் தொடங்கும் இடம் இருக்கிறதே, அங்கேதான் சூடான வாயு முதலில் மோதுகிறது. பெரிய ரைபிளில் அந்த இடம் வெந்து, கோடையில் வெடித்த கரிசல் வயல் மாதிரி விரிசல் விடும். எங்கள் சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

.22இல் கதை கொஞ்சம் வேறு. இந்தத் தோட்டாவுக்குப் பற்றவைக்கும் கேப் தனியாகக் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே வெடிமருந்தைத் தடவியிருப்பார்கள். ஊசி அடிக்கும்போது அது பற்றிக்கொள்ள உராய்வு வேண்டும் என்பதற்காக அதில் பொடித்த கண்ணாடி கலப்பது வழக்கம். ஒவ்வொரு வெடியிலும் அந்தக் கண்ணாடித் தூள் கொஞ்சம் பேரலின் தரைப்பகுதியில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில் படியும். அடுத்த குண்டு அதன்மேல் உரசிக்கொண்டு போகும். அதனால் பழைய .22 பேரலுக்குள் போர்ஸ்கோப் என்ற குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால், சேம்பரைத் தாண்டியதும் அடியில் மட்டும் மரை மழுங்கி, நடந்து நடந்து தேய்ந்த கோயில் படி மாதிரி இருக்கும். மேல்பக்கம் புதுசு போலவே இருக்கும்.

தீயால் பேரல் தேய்வது புதுக் கதை ஒன்றும் இல்லை. 1888இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த லீ-மெட்போர்ட் ரைபிளின் மரை கரிமருந்துக்காக ஆழமில்லாமல், முனை மழுங்கலாகச் செய்யப்பட்டது. அப்புறம் கார்டைட் என்ற சூடான மருந்து வந்தது. சில ஆயிரம் தோட்டாவில் மரை அழிந்தது. 1895இல் ஆழமான ஐந்து மரை கொண்ட பேரலைப் பொருத்தினார்கள். அதுதான் லீ-என்பீல்ட். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நம் தாத்தாக்கள் பார்த்த .303 அந்த வம்சம்தான்.

பையனுக்கு மார்க் இறங்கிக்கொண்டே போகிறது. பேரல் போய்விட்டதா?

பேரல் போயிருக்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொன்னால் அப்பாக்களுக்குக் கோபம் வருகிறது, அதனால் இப்போது சொல்வதில்லை. சோதித்தே காட்டிவிடுகிறேன்.

முதலில் ஸ்டாக் (ரைபிளின் கட்டை) திருகுகள் சரியான இறுக்கத்தில் இருக்கின்றனவா பாருங்கள். அடுத்து பின் சைட், முன் சைட் ஆடுகிறதா பாருங்கள். பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும். அதிலும் தீரவில்லை என்றால் ரைபிளை மணல் மூட்டையில் ஊன்றி, காற்று இல்லாத காலை ஆறரை மணிக்கு, ஒரே லாட் (ஒரே தொகுதியாகத் தயாரான) தோட்டாவில் பத்துப் பத்தாக நான்கு குரூப், அதாவது குண்டுக் கூட்டம், சுடுங்கள். நான்கும் இறுக்கமாக இருந்தால் ரைபிள் மேல் குற்றமில்லை. குரூப் சிதறி, நடுவில் ஒன்றிரண்டு காரணமே இல்லாமல் வெளியே ஓடினால், அப்போது துடைத்துவிட்டு இன்னொரு முறை. அதற்குப் பிறகும் ஓடினால்தான் பேரலைச் சந்தேகிக்கலாம்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சமாச்சாரம் உண்டு: காற்று. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்ட வழி. ஜூன் முதல் மேல்காற்று, மார்கழியை ஒட்டிக் கீழ்காற்று. ரேஞ்ச் வடக்கு பார்த்து இருந்தால் மேல்காற்று இடமிருந்து வலம் அடிக்கும். .22 குண்டு வலப்பக்கமாகச் சுழன்றுகொண்டு போவதால் அது வலதுபக்கம் மட்டும் போகாது, கொஞ்சம் கீழேயும் இறங்கும். தாளில் நாலு மணி மூலையில் போய் விழும். மார்கழியில் அதே ரைபிள் பத்து மணி மூலைக்குப் போகும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் பக்கக் காற்று போதும், 50 மீட்டரில் குண்டு ஓர் அங்குலம் அளவுக்குத் தள்ளிப்போகும். பத்துக்குரிய வட்டம் மொத்தமே 10.4 மில்லிமீட்டர். பத்து போக வேண்டியது எட்டுக்கோ ஏழுக்கோ போய்விடும். ஜூலை மாதம் ஒரு தம்பி, பேரல் தேய்ந்து குண்டு எல்லாம் ஒரு மூலைக்கே போகிறது என்று அழாக்குறையாக வந்தான். வேலியில் ஒரு ரிப்பன் கட்டி, "இதைப் பார்த்துச் சுடு" என்றேன். பேரல் குணமாகிவிட்டது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பேரலைத் துடைக்க வேண்டும்?

இதற்கு ரேஞ்சில் நாலு பேர் இருந்தால் ஐந்து பதில் கிடைக்கும். என் வழக்கம் இது: ஒவ்வொரு நாள் முடிவிலும் லேசாக எண்ணெய் தொட்ட துணி ஒன்று, பிறகு உலர்ந்த துணி இரண்டு. சில நூறு தோட்டாவுக்கு ஒருமுறை, சேம்பரை ஒட்டிக் கெட்டியாகப் பிடிக்கும் கரி வளையத்தைக் கரைக்க சால்வென்டும் வெண்கல பிரஷ்ஷும். இந்த வளையத்தை விட்டுவிட்டால்தான் குரூப் சிதறும். பலரும் இதைப் பேரல் தேய்மானம் என்று தவறாக நினைக்கிறார்கள்.

துடைப்பதைவிட எப்படித் துடைக்கிறோம் என்பது முக்கியம். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பியை எங்கள் அலமாரியிலிருந்து எடுத்தே போட்டுவிட்டேன். மென்மையான உலோகத்தில் மணல் பொடி பதிந்துகொள்ளும், அப்புறம் அது உப்புத்தாள்தான். இணைப்பு மூட்டு ஒவ்வொன்றும் மரையில் தட்டும். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே கம்பி வாங்குங்கள். பின்பக்கம் தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, வழிகாட்டிக் குழாய் பொருத்தி, சேம்பர் பக்கமிருந்து தள்ளுங்கள். வாய்ப்பக்கமிருந்து குத்தக் கூடாது. குண்டு பேரலை விட்டுப் பிரியும்போது கடைசியாகத் தொடும் இடம் அந்த வாய்தான். அங்கே ஒரு பக்கம் மட்டும் முடி அளவு தேய்ந்தாலும், வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு பீறிட்டு குண்டைத் தட்டிவிடும்.

என்.சி.சி.யில் புல்-த்ரூ கயிறும் பிளானல் துணித்துண்டும் வைத்து இழுத்த அண்ணன்மார்கள், "நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். கயிற்றை நேராக இழுத்தால் ஒன்றும் ஆகாதுதான். ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தே வாய் ஓரத்தில் பள்ளம் விழுந்த பேரலை நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். நகத்துக்குத் தட்டுப்படும்.

துடைத்த உடனே சுட்டால் முதல் பத்துப் பதினைந்து குண்டு எங்கெங்கோ போகும். குண்டின் மெழுகு பேரலில் சீராகப் படிய அவ்வளவு வேண்டும். போட்டிக்கு முந்தின ராத்திரி பளபளவென்று துடைத்துவிட்டு மறுநாள் போட்டிக்கு முன் குறி சரிபார்க்கும் சைட்டிங்கில் தவிக்காதீர்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

துருதான் எங்கள் பக்கத்து எமன். நான் கழித்துப் போட்ட பேரல்களில் தோட்டாவால் தேய்ந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் துருவும் கம்பியும் தின்றவை.

என் சொந்த ரைபிளைச் சொல்கிறேன். 2021 தேர்தல். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6, வாக்குப்பதிவு. லைசென்ஸ் உள்ள ஆயுதங்களை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி மார்ச்சிலேயே நோட்டீஸ் வந்தது. போட்டிக்குப் போகிறவர்கள் விலக்குக் கேட்க வழியுண்டு. நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன். உறையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மே 2 முடிவு வந்தது, அடுத்த வாரமே ஊரடங்கு. திரும்பக் கைக்கு வந்தபோது ஜூலை. அந்த அறையின் கூரை ஒழுகியிருக்கிறது, உறை ஈரம் குடித்து அப்படியே இருந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த துளையில் ராகி தூவியது போல் புள்ளிகள். துருவை எடுத்துவிடலாம், குழியை எடுக்க முடியாது. அந்தக் குழிகளில் ஈயம் ஒட்டி ஒட்டி, முப்பது தோட்டாவுக்கு ஒருமுறை துடைத்தால்தான் பத்தாவது வட்டத்தைப் பார்க்க முடிகிற நிலைமை. பேரலுக்கு அப்போது வயது 9,000 தோட்டா. இன்னும் நாற்பதாயிரம் பாக்கி இருந்தது.

ஆகவே: பஞ்சு உறையில், தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, மாதம் ஒருமுறை அதை வாணலியில் வறுத்து எடுங்கள். எங்கேயாவது ஒப்படைக்க நேர்ந்தால் பேரலுக்குள் தாராளமாக எண்ணெய் விட்டுக் கொடுங்கள். சுடுவதற்கு முன் அதைத் துடைத்தே ஆக வேண்டும், மறக்காதீர்கள்.

போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், .303 சுட்டு முடித்ததும் பேரலில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லுவார். கேட்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் காலத்துக் கேப் மருந்து எரிந்தபின் உப்பை விட்டுப்போகும். உப்பு ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவேற்றும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். பெரியவர் செய்தது சரி. இப்போதைய .22க்கு அது வேண்டாம்.

ஒரு நாள் பயிற்சிக்கு எத்தனை தோட்டா?

போட்டியை வைத்துக் கணக்குப் போடுங்கள். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் முழந்தாளிட்டு 20, படுத்து 20, நின்று 20, ஆக 60. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இது 120 ஆக இருந்தது. பாரிஸில் 60 ஆகக் குறைந்துவிட்டது. 2024இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். சைட்டிங்குக்கு 20 சேர்த்தால் 80. வாரம் மூன்று நாள் என்றால் 240, வருடத்தில் 50 வாரம் என்றால் 12,000. நான்கு வருடத்தில் பேரல் 50,000ஐ நெருங்கிவிடும்.

ஆனால் தொடங்குகிற பிள்ளைக்கு 80 எதற்கு? இருபது தோட்டா, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். அதற்குமேல் தோள் நடுங்கத் தொடங்கும், நடுக்கத்தோடு சுட்டுப் பழகினால் நடுக்கம்தான் பழக்கமாகும். என்.சி.சி.யில் 25 கஜத்தில் படுத்துக்கொண்டு ஐந்து தோட்டா கொடுத்துக் குரூப் பார்ப்பார்களே, அது கஞ்சத்தனம் மாதிரித் தெரியும். ஐந்தே ஐந்து என்று தெரிந்தால் பிள்ளை ஒவ்வொன்றையும் எண்ணிச் சுடும்.

வெறும் டிரிகர் அழுத்திப் பழகலாமா?

பழகலாம், பழக வேண்டும். ஆனால் .22இல் காலி சேம்பரில் அப்படியே அழுத்தாதீர்கள். ஊசி நேராகப் போய்ச் சேம்பர் விளிம்பில் குத்தி மடக்கிவிடும். பிறகு தோட்டாவே உள்ளே நுழையாது. போட்டி ரைபிள்களுக்கு இதற்கென்று தனி போல்ட் பாகம் கிடைக்கும். ஏர் ரைபிள்களில் இந்த வசதி கூடவே வரும்.

எந்தத் தோட்டா நல்லது?

உங்கள் பேரலுக்குப் பிடித்தது. இதை நான் மழுப்பலாகச் சொல்லவில்லை. எலி டெனெக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ்., லாபுவா என்று பெயர் பெற்ற தோட்டாக்களிலேயே ஒரு லாட் ஒரு ரைபிளில் ஒரே ஓட்டை போடும், அடுத்த லாட் அதே ரைபிளில் சிதறும். பக்கத்து ரைபிளில் நேர்மாறாக இருக்கும். அதனால்தான் பெரிய வீரர்கள் ரைபிளைத் தயாரிப்பாளரின் சோதனைக் கூடத்துக்கே கொண்டுபோய், பல லாட் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்குகிறார்கள். நம்மால் முடிந்தது: ஐந்து லாட்டில் ஒவ்வொரு பெட்டி, 50 தோட்டா, வாங்கிச் சுட்டுப் பார்ப்பது. பெட்டி மடிப்பில் அச்சடித்திருக்கும் லாட் எண்ணை எழுதி வையுங்கள். இரண்டு லாட்டைக் கலந்து ஒரே டப்பாவில் கொட்டிவைத்த ஒருவரோடு நான் ஒரு வாரம் பேசவில்லை.

தோட்டாவை ஜீப்பிலேயே வைத்திருக்கலாமா?

கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மார்ச், ஏப்ரலில் இங்கே வெயில் நாற்பதைத் தாண்டும், பூட்டிய ஜீப்புக்குள் இன்னும் அதிகம். .22 குண்டின் வெளிப்பக்கம் தடவியிருக்கும் மெழுகு உருகி அடியில் தேங்கிவிடும். ஒரு பக்கம் மெழுகும் ஒரு பக்கம் வெறும் ஈயமுமாகச் சுட்டால் பேரலில் ஈயம் பிடிக்கும். கீழே விழுந்த தோட்டாவையும் ஊதிவிட்டுப் போடாதீர்கள், கரிசல் மண் அந்த மெழுகில் ஒட்டிக்கொண்டே உள்ளே போகும்.

டிரிகர் அழுத்தினேன், வெடிக்கவில்லை. என்ன செய்ய?

ரைபிளை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது விநாடி எண்ணுங்கள். மருந்து தாமதமாகப் பற்றலாம். அப்புறம் போல்ட்டைத் திறந்து, தோட்டாவை எடுத்து ரேஞ்ச் அதிகாரியிடம் கொடுங்கள்.

இதைவிட ஆபத்தானது, "டப்" என்று அமுங்கிய சத்தம் வந்து தாளில் ஓட்டை இல்லாமல் இருப்பது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வயிறு பெருத்த பாம்பு மாதிரி வீங்கிவிடும். அதற்கு மருந்தே இல்லை.

எங்கள் தோட்டத்தில் 12 போர் துப்பாக்கி இருக்கிறது. அதுவும் தேயுமா?

அதில் மரையே கிடையாது, அழுத்தமும் குறைவு. உங்கள் பேரன் காலத்திலும் பேரல் தேயாது. கீல் லொடலொடப்பதும், குழாயில் நசுங்கலும், துருவும்தான் அதன் நோய்கள். 2022இல் கேரளத்தில் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவர்களுக்கு வந்த பிறகு, பத்து வருடம் பரணில் கிடந்த துப்பாக்கிகள் கீழே இறங்கின. குளவிக்கூடு அடைத்த குழாயை நானே பார்த்தேன். சுடுவதற்கு முன் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வாளையார் எல்லை தாண்டிக் கோயம்புத்தூருக்கோ, இந்தப் பக்கம் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்சுக்கோ ரைபிளைக் கொண்டுபோகலாமா?

லைசென்சில் எந்தெந்த இடங்களுக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். இரண்டு மாநிலமும் அதில் இருக்க வேண்டும். போட்டி அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா தனிப் பெட்டியில், போல்ட் கழற்றிய நிலையில். செக்போஸ்ட்டில் கேட்டால் தமிழோ மலையாளமோ, மெதுவாகப் பேசுங்கள்.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் அப்படியே பரோட்டா கடைக்குப் போகிறார்களே?

கை கழுவிவிட்டுப் போகட்டும். தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்திலும் ஈயம், குண்டும் ஈயம். சாம்பல் நிறத்தில் விரலில் படிந்திருப்பது அதுதான். சோப்பு போட்டு, சூடில்லாத தண்ணீரில். முகத்தையும் கழுவ வேண்டும். சுடும்போது போட்ட ஜாக்கெட்டை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். ரேஞ்சைப் பெருக்கும்போது உலர்ந்த துடைப்பம் கூடாது, தண்ணீர் தெளித்துத்தான்.

எத்தனை தோட்டா சுட்டோம் என்று எப்படி நினைவில் வைப்பது?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, லாட் எண், எத்தனை தோட்டா, துடைத்தோமா, காற்று எந்தப் பக்கம். கிளப் ரைபிள் என்றால் நோட்டு ரைபிளோடு கட்டியே இருக்க வேண்டும், ஆளோடு அல்ல. ஒரே ரைபிளில் நாளைக்கு எட்டுப் பிள்ளைகள் இருபது இருபதாகச் சுட்டால் அதுவே 160. யாருக்கும் தெரியாமல் வருடம் போய்விடும்.

காலி கேஸில் (பித்தளைக் கூட்டில்) ஒன்று சாவிக்கொத்துக்கு எடுத்துக்கொள்ளட்டுமா, மாஸ்டர்?

கூடாது. இருபது கொடுத்தேன், இருபது எண்ணித் தா.